பழங்காசு கேள்வி பதில்: புளி மட்டும் போடாதீர்கள்

சார், மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன். தனுஷ்கோடியில் தேடலாமா? பாழடைந்த ஊர்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?

கலெக்டர் கேட்பார். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்தது 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை உள்ளே. அது போக, 1964 டிசம்பர் 22 ராத்திரி ஒரு பாசஞ்சர் ரயிலே ஆட்களோடு கடலுக்குப் போன இடம் அது. அங்கே கிடைக்கிற மோதிரத்தை வீட்டுக்குக் கொண்டுவர எனக்குக் கை வராது. உங்கள் மெஷினும் அங்கே உதவாது. உப்பு ஈரமும் மின்சாரம் கடத்தும் என்பதால் சாதாரண டிடெக்டர் ஈரமணலில் சும்மாவே கத்தும்.

தங்கத்தை மட்டும் காட்டுகிற டிடெக்டர் எது அண்ணா?

அப்படி ஒன்று கிடையாது தம்பி. ஒரு சுருள் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். உள்ளே உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் சுழலும், அதை இன்னொரு சுருள் பிடிக்கும். எவ்வளவு கடத்துகிறது, எவ்வளவு பெரிது என்பதை வைத்துத்தான் அது ஒரு நம்பர் சொல்லும். மெல்லிய தங்க மோதிரமும் கசங்கிய அலுமினியத் தாளும் ஒரே நம்பரில் வந்து நிற்கும். ஒற்றைக் காசு ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போனால் சத்தமே சந்தேகம். எங்கள் தென்னந்தோப்பில் முதல் நாள் முழுக்கத் தோண்டினேன். வந்தது ஏழு சோடா மூடி, ஒரு மாட்டு லாடம்.

பச்சை பிடித்த செப்புக்காசை எப்படிச் சுத்தம் செய்வது?

புளி வேண்டாம். எலுமிச்சை வேண்டாம். பச்சையோடு எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு மண்ணை எடுங்கள். வெளிர்பச்சையாக மாவு மாதிரி உதிர்ந்தால் அது நோய். ஈரம் படாமல் தனியாக வையுங்கள்.

1818 ராமர் பட்டாபிஷேகக் காசு இருக்கிறது. அரிசியை இழுக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த காசு இல்லை, கோயில் வில்லை. அரிசி இழுக்கிறது என்று சொல்பவர் உங்கள் பணத்தை இழுக்கப் பார்க்கிறார்.

வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சமாமே?

ஐந்து ரூபாய். முன்பணம் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

(கரூரிலிருந்து) ஐயா, சட்டம் பேசுகிறீர்கள். மாக்கோதை என்று சேர மன்னன் பெயர் பொறித்த காசு எந்த அகழாய்வுக் குழியில் கிடைத்தது? அமராவதி மணலைச் சலித்த எங்கள் தாத்தா மாதிரி ஆட்கள் எடுத்ததுதானே? நீங்களும் வாங்கித்தானே சேர்த்தீர்கள்?

வாங்கினேன். மறைக்கவில்லை. அவர்கள் சலிக்காமல் இருந்திருந்தால், ரோமானியக் காசின் சாயலில் சேர மன்னன் முகமும், தலைக்கு மேல் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயருமாக ஒரு வெள்ளிக்காசு உண்டு என்பதே தெரிந்திருக்காது. ஆனால் அது எந்த நூற்றாண்டு? இன்றுவரை எழுத்தின் வடிவத்தையும் ரோமானியச் சாயலையும் வைத்துத்தான் வாதாடுகிறார்கள். ஆற்று மணலில் காலம் சொல்லும் மண்ணடுக்கு ஏது?

புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. ஒன்றாகவே பதிவானதால் கடைசிக் காசு ரோமப் பேரரசன் வெஸ்பாசியன் காலத்தது என்று தெரிகிறது. அப்படியானால் புதைத்தது அதற்குப் பிறகு. பெரும்பாலான காசுகளில் பேரரசன் முகத்தின் மேல் உளி வெட்டு. ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்திருந்தால் "டேமேஜ் பீஸ்" என்று விலை குறைத்திருப்போம். 501-ஐயும் சேர்த்துப் பார்த்ததால்தான், இவை புழக்கத்துக்குப் போகாமலிருக்க வேண்டுமென்றே வெட்டியவை என்று யோசிக்க முடிகிறது.

(திருச்சியிலிருந்து) அப்போ சலித்தெடுத்த காசைத் தட்டான் உருக்கினால் பரவாயில்லையா?

அதை நான் எங்கே சொன்னேன்?

(மீண்டும் கரூர்) ஒப்படைக்கப் போனால் திருடனைப் போல விசாரிக்கிறார்கள்.

உண்மை. ஒரு பானை ஓட்டோடு ஒரு அலுவலகத்தில் நானே மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்த காவலாளி மட்டும்தான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதற்காகக் கிடைத்த இடத்தைக் கூட எழுதி வைக்காமல் விற்பதா? எந்த ஆற்றுத்துறை, எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது, இதற்கு ஒரு துண்டுச்சீட்டு போதுமே.

ராஜராஜன் காசு இருக்கிறது, என்ன விலை சார்?

நிற்கும் ஆள், உட்கார்ந்த ஆள், பக்கத்தில் நாகரி எழுத்தா? செம்பில் ஏராளம். லட்சம் இல்லை.

காசைப் புளி போட்டுத் துலக்கலாமா?

தலைப்பைப் படியுங்கள்.

நல்ல டிடெக்டர் எது?

மேலே இருக்கிறது.

(கரூர்) ஐயா, கோபம் வேண்டாம். தாத்தாவின் தகர டப்பாவை இப்போதுதான் திறந்தேன். பதினொரு காசு. துணி முடிச்சுக்குள் ஒரு சீட்டும் இருக்கிறது: "படித்துறைக்குக் கீழே, முழங்கால் ஆழம், ஆடி." மிச்சம் அழிந்திருக்கிறது. காசைப் போட்டோ எடுத்து அனுப்பவா?

காசு அப்புறம். முதலில் சீட்டை அனுப்புங்கள், இரண்டு பக்கமும்.