கொரியப் பெயர்கள்: எழுத்தும் ஒலியும்

கேள்வி: அண்மையில் கொரிய மொழி கற்கத் தொடங்கியிருக்கிறேன். ‘பார்க்’, ‘லீ’, ‘சோய்’ என்று நாம் எழுதும் குடும்பப் பெயர்களைக் கொரியர்கள் வேறு விதமாக ஒலிக்கிறார்களே, ஏன்? அவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: அப்பெயர்களை நாம் கொரிய எழுத்திலிருந்து நேராகப் பெறாமல், ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியாகப் பெற்றதே காரணம். ‘பார்க்’ என்பதிலுள்ள ரகர ஒற்று கொரிய மூலத்தில் இல்லை. அது ‘பக்’ என்றே ஒலிக்கும். இறுதிக் ககர மெய்யை வெளியே விடாமல் தொண்டையிலேயே நிறுத்த வேண்டும். வல்லின மெய்யில் சொல் முடியாத மொழியைப் பேசிப் பழகிய நாம் ‘பக்கு’ என உகரம் சேர்த்துவிடுவோம். அதைத் தவிர்ப்பதுதான் முதல் பயிற்சி. ‘லீ’ என்பது தென்கொரியாவில் ‘இ’ மட்டுமே. வடகொரியாவில் அதே பெயர் ‘ரி’ எனப்படுகிறது. ‘சோய்’ ஏறத்தாழ ‘ச்வே’ ஆகும்.

சேஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துமுறை, தமிழ் அறிந்தவருக்கு ஒரு வகையில் பழகிய வீடு. நாம் ‘கல்’, ‘தங்கம்’ ஆகிய இரண்டு சொற்களிலும் ஒரே ககரத்தை எழுதி இடத்திற்கேற்ப ஒலிப்பதுபோல, கொரியரும் ஒரே எழுத்தைச் சொல்லின் முதலில் வன்மையாகவும், உயிர்களுக்கு இடையிலும் மெல்லினத்தை அடுத்தும் மென்மையாகவும் ஒலிக்கிறார்கள். ‘பல்’, ‘அம்பு’ என்பவற்றின் பகரத்திற்கும் ‘சட்டி’, ‘பஞ்சு’ என்பவற்றின் சகரத்திற்கும் இதுவே பொருந்தும். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் பெரிதும் தடுமாறும் இந்த இடம் நமக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும். ஆனால் மூச்சு கலந்த ககரமும் இறுக்கிச் சொல்லும் ககரமும் அங்கே தனி எழுத்துகள். அவற்றைத் தமிழில் காட்ட வழியில்லை, காதால் கேட்டே பழக வேண்டும்.

இன்னொரு சிக்கல், உதட்டைக் குவிக்காமல் சொல்லும் ஒகரம் போன்ற ஓர் உயிர். நாம் ‘சியோல்’ என்று எழுதும் தலைநகரின் பெயரில் யகரமே இல்லை. அது ‘சொ-உல்’ என இரண்டு அசைகளாக ஒலிக்கும்.

செய்தித்தாள்களில் நிலைபெற்றுவிட்ட பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். புதிதாக மொழிபெயர்ப்பவர்கள் ஒலியைப் பின்பற்றி எழுதுவதே முறை என்பது என் கருத்து.

கேள்வி: ‘பான் கி மூன்’ என்ற பெயரில் குடும்பப் பெயர் எது?

பதில்: முதலில் நிற்கும் ‘பான்’. ‘கிமுன்’ என்பது ஈரசையில் அமைந்த ஒரே இயற்பெயர் என்பதால், ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளரைத் ‘திரு. மூன்’ என்று எழுதுவது பிழை. 2024ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு பெற்ற ஹான் காங்கின் குடும்பப் பெயரும் ‘ஹான்’ தான். அவருடைய இயற்பெயர் ஓரசையால் ஆனது. நேரில் ஒருவரை அழைக்கும்போது, ‘ஷி’ என்ற மரியாதைச் சொல்லை முழுப்பெயரோடோ இயற்பெயரோடோ சேர்க்க வேண்டும். ‘கிம் ஷி’ என்று குடும்பப் பெயரோடு மட்டும் சேர்த்து அழைத்தால் மரியாதைக் குறைவாகவே கொள்வார்கள்.