11 பேர் போதாது

கேள்வி: முதல்வர்கள் மனுவோடு தலைநகரத்துக்குப் போவதும், மத்திய அமைச்சர்களைப் பார்த்து 'லாபி' செய்வதும் கூட்டாட்சிக்கு அழகா? மக்கள் ஓட்டுப் போட்டு வந்த அரசு தன் உரிமையை இன்னொரு அரசிடம் ஏன் கேட்டு வாங்க வேண்டும்? 'மாநிலங்கள் ஒன்று சேர வேண்டும்' என்று எழுதுகிறீர்கள். பணம் என்று வந்துவிட்டால் அவரவர் பாட்டைப் பார்ப்பதுதானே நடக்கிறது?

பதில்: கேட்பதில் இழிவு எதுவும் இல்லை. தனித்தனியாகப் போய்க் கேட்கிறார்களே, அதில்தான் எனக்கு வருத்தம்.

கூட்டாட்சி நாடுகள் பலவற்றில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ் எல்லாம் மாநிலத்தின் தலையில் இருக்கும். பெரிய வரிகளை மத்திய அரசு வசூலிக்கும். இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதுதான் நிலை. செலவு ஓரிடத்திலும் வரவு வேறிடத்திலும் இருந்தால் நடுவில் பேச்சுவார்த்தை இருந்தே தீரும். அதற்கு லாபி என்று பெயர் வைத்தாலும் சரி, ஆலோசனை என்று வைத்தாலும் சரி, ஒரு மாநில அரசு அதைச் செய்யாவிட்டால்தான் மக்கள் கோபப்பட வேண்டும்.

ஆனால் ஒரு முதல்வர் தனியாகப் போனால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு திட்டம், ஒரு சிறப்பு நிதி. அடுத்த பட்ஜெட்டில் அது இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. பல மாநிலங்கள் சேர்ந்து கேட்டால், எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு விதியைப் பெற முடியும். ஆட்சி மாறினாலும் கூட்டணி மாறினாலும் அந்த விதியைக் காட்டிக் கேட்கலாம்.

இது வெறும் ஆசை இல்லை, இந்தியாவில் நடந்தது. 1990களில் தொழிற்சாலைகளை இழுப்பதற்காக மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு விற்பனை வரியைக் குறைத்தன, விலக்கு கொடுத்தன. பக்கத்து மாநிலம் ஒரு படி குறைத்தால் நாம் இரண்டு படி. கடைசியில் எல்லோர் கஜானாவும் காய்ந்தது. 2000இல் மாநில நிதியமைச்சர்களின் அதிகாரமளிக்கப்பட்ட குழு அமைந்தது. அப்போது மத்தியில் பா.ஜ.க. தலைமையிலான அரசு, குழுவின் தலைவரோ மேற்கு வங்க இடதுசாரி அரசின் நிதியமைச்சர் அசிம் தாஸ்குப்தா. வெவ்வேறு கட்சிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். குறித்த தேதிகள் தள்ளிப்போயின, வணிகர்கள் எதிர்த்தார்கள். இருந்தும் 2005 ஏப்ரல் 1 அன்று பெரும்பாலான மாநிலங்களில் பழைய விற்பனை வரிக்குப் பதிலாக 'வாட்' என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது. மற்றவை பிறகு சேர்ந்துகொண்டன. வருவாய் குறைந்தால் முதல் ஆண்டு முழுதாக, இரண்டாம் ஆண்டு 75 சதவீதம், மூன்றாம் ஆண்டு 50 சதவீதம் மத்திய அரசு ஈடுகட்டும் என்ற உறுதியையும் மாநிலங்கள் வாங்கின. ஒரு முதல்வர் தனியாகப் போய் இதைக் கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியுமா?

மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து உட்காரும் இன்றைய ஜிஎஸ்டி கவுன்சிலின் கணக்கைப் பாருங்கள், இன்னும் தெளிவாகப் புரியும். அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதனால் மத்திய அரசு ஒப்பாமல் எதுவும் நிறைவேறாது. மாநிலங்களால் தடுக்க முடியுமா? முடியும். சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து அந்தப் பக்கம் 31 பேர். எல்லோரும் வாக்களிக்கும்போது 12 பேர் சேர்ந்து எதிர்த்தால் தீர்மானம் நிற்கும். 11 பேர் போதாது. பெரிய மாநிலம், சின்ன மாநிலம் என்ற வேறுபாடும் அங்கே கிடையாது, எல்லோருக்கும் ஒரே எடைதான். தனி ஒருவர் மேஜையைத் தட்டிப் பேசினால் பத்திரிகையில் செய்தி வரும். முடிவை மாற்ற இன்னும் 11 பேரின் நட்பு வேண்டும், அதைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் தேடினால் கிடைக்காது.

சுவிட்சர்லாந்தில் மாநிலங்களுக்குக் கேன்டன் என்று பெயர். மொத்தம் 26. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை எட்டு கேன்டன்கள் சேர்ந்தால் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம் என்பது 1874 முதல் அங்குள்ள உரிமை. நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைப் பயன்படுத்தவே இல்லை. 2003இல் நாடாளுமன்றம் ஒரு வரிக்குறைப்புச் சட்டம் போட்டது. அதனால் தங்கள் வருவாயிலும் ஓட்டை விழும் என்று கண்ட 11 கேன்டன்கள் கைகோத்தன. 2004 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் அந்தச் சட்டத்தை நிராகரித்தார்கள்.

அந்த ஒற்றுமை ஒரே நாளில் வந்ததில்லை. கேன்டன் அரசுகளின் மாநாடு என்ற நிரந்தர அமைப்பு 1993 முதலே இயங்கிவந்தது. 2008இல் தலைநகர் பெர்னில் கேன்டன்களுக்கென்று பொதுவான ஓர் இல்லமும் திறந்தார்கள். அமெரிக்காவிலும் ஆளுநர்கள் சங்கம் 1908 முதல் இருக்கிறது; அங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். அவசரத்துக்குக் கூடிப் படம் எடுத்துக்கொண்டு கலைகிற முதல்வர்கள் கூட்டத்தால் இப்படி ஒற்றுமையைக் கட்ட முடியாது. வருடம் முழுக்கக் கணக்குப் போட்டு, வரைவு எழுதி, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டே இருக்கிற அதிகாரிகள் வேண்டும். இந்தியாவில் அதற்கென்று அரசியல் சட்டத்தின் 263ஆவது பிரிவே இருக்கிறது. அதன்படி 1990இல் அமைந்த மாநிலங்களுக்கு இடையிலான கவுன்சில், முதல் 26 ஆண்டுகளில் 11 முறைதான் கூடியது. இதில் மத்திய அரசின் குற்றம் பெரிது. ஆனால் 'கூட்டுங்கள்' என்று விடாமல் சேர்ந்து கேட்காத மாநிலங்களையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. பணம் வந்தால் பிரிந்துபோவார்கள் என்கிறீர்கள். உண்மை. ஆஸ்திரேலியாவில் ஜிஎஸ்டி முழுவதும் மாநிலங்களுக்கே போகிறது. வசதியான மாநிலத்துக்குக் குறைவு, வசதியில்லாததற்குக் கூடுதல். சுரங்கத்தில் கொழித்த மேற்கு ஆஸ்திரேலியாவின் பங்கு 2015-16இல், மக்கள்தொகைப்படி வரவேண்டிய ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 30 சென்ட் என்ற அளவுக்கு இறங்கியது. அந்த மாநிலம் பல ஆண்டுகள் விடாமல் போராடி, 2018இல் குறைந்தபட்சப் பங்கு ஒன்றைச் சட்டமாக்கிக்கொண்டது. முதலில் 70 சென்ட், பிறகு 75. தனியாகக் கேட்டு ஜெயித்ததற்கு இது நல்ல உதாரணம், மறைக்க மாட்டேன். ஆனால் அதோடு சேர்ந்து நடந்ததையும் சொல்ல வேண்டும். மற்ற மாநிலங்கள் சேர்ந்து, 'அவர்களுக்குக் கொடுங்கள், எங்கள் பங்கு குறையக் கூடாது' என்று நின்றன. இழப்பை ஈடுகட்ட மத்திய அரசு தன் கஜானாவைத் திறக்க வேண்டியதாயிற்று. நலன் வேறுபட்டவர்களும் ஒரு புள்ளியில் சேரலாம். எல்லாவற்றிலும் உடன்பட வேண்டும் என்று காத்திருப்பவர்கள்தான் கடைசிவரை தனியாக நிற்பார்கள்.

இந்தக் கூட்டு முயற்சியில் எனக்கும் ஒரு குறை உண்டு. எல்லாம் அமைச்சர்களும் அதிகாரிகளும் மூடிய அறையில் பேசி முடிப்பதாகவே இருக்கிறது. முடிந்த ஒப்பந்தம் சட்டமன்றத்துக்கு வரும்போது தலையாட்டுவதைத் தவிர உறுப்பினர்களுக்கு வேலை இல்லை. நம் சார்பில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், பதிலுக்கு எதை வாங்கினார்கள் என்பது ஓட்டுப் போட்டவருக்குத் தெரிவதில்லை. அதனால் நிதியமைச்சர் அத்தகைய கூட்டத்துக்குக் கிளம்பும் முன், மாநிலத்தின் நிலை என்ன என்று சட்டமன்றத்தில் ஒரு நாள் விவாதம் வேண்டும். திரும்பி வந்ததும் என்ன நடந்தது என்று ஓர் அறிக்கை வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் இதைக் கேட்டு எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.