10,000 லூமெனை நம்பாதீர்கள், பின்விளக்கை முதலில் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரிலிருந்து மாரத்தஹள்ளி அலுவலகத்துக்கு சைக்கிளில் போய் வருகிறேன். வீடு திரும்ப இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். 2,000 ரூபாய்க்குள் முன்னும் பின்னும் லைட் போட வேண்டும். கறுப்பு ஃபிரேம், பார்க்கவும் எடுப்பாக இருக்க வேண்டும். ஒரு கடையில் 10,000 லூமென் லைட்டை 900 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த எண்ணே பொய். லூமென் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். அந்த மாதிரி லைட்டில் பொதுவாக இருப்பது 18650 என்ற வகை செல் இரண்டு. நல்ல செல்லாகவே இருந்தாலும் இரண்டும் சேர்ந்து 25 வாட்-மணி அளவுதான். கால் மணி நேரத்துக்குமேல் தாங்காது, அதற்குள் தொட முடியாதபடி சுடும். செல்லின் மேல் கொள்ளளவு ‘9,900 எம்.ஏ.எச்.’ என்று அச்சடித்திருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயர் பெற்ற கம்பெனிகளே அந்த அளவு செல்லில் 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு சந்திலும் ஆன்லைனிலும் பெரும்பாலும் ஒரே சரக்குதான், ஸ்டிக்கர் மட்டும் மாறும். தக்காளிக் கடைத் தராசுக்கு முத்திரை கேட்கிற அரசு, டப்பாவில் போட்டிருக்கும் லூமெனை மட்டும் கேட்பதில்லை. அச்சடித்தவர் வைத்ததுதான் கணக்கு.

உங்கள் பணத்தில் பாதியைப் பின்விளக்குக்கு ஒதுக்குங்கள். தெருவிளக்கு உள்ள சாலையில் உங்களுக்குப் பாதை தெரிவதைவிட, பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள் தெரிவது முக்கியம். 30 முதல் 50 லூமென் சிவப்பு விளக்கு போதும். இரவில் நிலையாக எரிய விடுங்கள். மினுக்கினால் கண்ணில் படும்தான், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதை டிரைவர் கணிப்பது கடினம். மினுக்கலைப் பகலுக்கும் அந்தி நேரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் குழாயில்தான் மாட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். பேக்பேக் உறையோ ரெயின்கோட்டின் பின்பக்கமோ தொங்கினால் அங்கே மாட்டிய விளக்கு மறைந்துவிடும். மழை நாளில்தான் விளக்கு அதிகம் தேவை, அன்றைக்குத்தான் மறையும். கேரியர் இருந்தால் அதன் பின் நுனியில் மாட்டுங்கள். இல்லையென்றால் சீட்டிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் குழாயில், வலப்பக்கம் மாட்டுங்கள். நம்மை முந்துகிற வண்டிகள் வலப்பக்கம்தானே வருகின்றன. அந்தக் குழாய் ஒல்லி என்பதால் ரப்பர் பட்டை வழுக்கும். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி முதலில் சுற்றிக்கொள்ளுங்கள். குழாய் சாய்வாக இறங்குவதால் விளக்கு வானத்தைப் பார்க்கும். விளக்கின் மேல் விளிம்புக்கு அடியில் இன்னொரு ரப்பர் துண்டைச் செருகினால் நிமிர்ந்து நிற்கும். பிறகு கோட்டும் பையும் போட்டு நீங்கள் சைக்கிளில் உட்காருங்கள், ஒருவரை முப்பது அடி பின்னால் நிற்கவைத்து விளக்கு தெரிகிறதா என்று கேளுங்கள். சீட்டுக்கு அடியில் சின்னப் பை கட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான்.

முன்விளக்குக்கு 300 முதல் 400 லூமென் போதும். ஒளியின் மேல் விளிம்பு கத்தரித்ததுபோல் நேராக இருக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க ஜெர்மனியில் அப்படித்தான் விதி. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். வெளிச்சத்தின் நடுப்பகுதி விளக்கின் உயரத்தைவிட ஒரு சாண் கீழே விழ வேண்டும்.

எடுப்புக்கு வருவோம். சக்கரத்தில் சுழலும் வண்ண எல்.இ.டி.களில் காசைப் போடாதீர்கள். பட்டன் செல், முதல் பெருமழையிலேயே தண்ணீர் இறங்கிவிடும். கறுப்பு நிறத்திலேயே ஒளி திருப்பும் டேப் கிடைக்கிறது. பகலில் ஃபிரேமோடு ஒன்றிப்போகும், ஹெட்லைட் பட்டால் வெள்ளையாக மின்னும். ஸ்போக்ஸ் கம்பிகளில் மாட்டும் மெல்லிய ஒளி திருப்பும் குழாய்களும் உண்டு. சந்திப்புகளில் பக்கவாட்டிலிருந்து வருபவருக்கு உங்களைக் காட்டுவது அவைதான். கணுக்காலிலும் ஒரு பட்டை கட்டுங்கள். கால் ஏறி இறங்குவதைப் பார்த்தாலே சைக்கிள் என்று புரிந்துவிடும்.

வண்டியோடு வந்த ரிஃப்ளெக்டர்களைக் கழற்ற விடாதீர்கள். சைக்கிள் ரிஃப்ளெக்டருக்குத் தரம் வேண்டும் என்று 2020-இல் மத்திய அரசு ஆணை போட்டது, பிறகு அமலாக்கத் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தது. கடைக்காரர்களோ ‘ஸ்டைலா இருக்காது சார்’ என்று கழற்றிக் குப்பையில் போடுகிறார்கள்.

தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கும் டப்பாவில் ஒரு குறியீடு இருக்கும். ஐ.பி.எக்ஸ்.4 என்றிருந்தால் சாரல் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.6 என்றால் அடைமழையும் தாங்கும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடாவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது. மழையில் நனைந்து வந்தால் துடைத்து, காயவைத்துச் சார்ஜ் போடுங்கள். மாட்டும் ரப்பர் பட்டை வெயிலில் வெடித்துப்போகும், உதிரி இரண்டை லைட் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு போய்க் கேட்டால் புது லைட்டைத்தான் காட்டுவார்கள்.