யோக் வாங்குவதா, டின் வாங்குவதா?

கேள்வி: நான் கோவையைச் சேர்ந்தவன். புதுச்சேரியில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் நீரில் மூழ்குதல்) அடிப்படைப் பயிற்சியை முடித்து, ஆண்டுக்கு ஒரு முறை அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ சென்று வருகிறேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் அங்கிருந்து, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை மூச்சுக்கேற்பக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அடுத்த கோடையில் அவருடன் அங்குள்ள ஏரி ஒன்றிலும் இறங்க எண்ணம். யோக் வகை இணைப்பு பழையது, ஆபத்தானது, 300 பார் (பார் என்பது அழுத்த அலகு) டின் வகைதான் பாதுகாப்பு என்கிறார் ஒரு விற்பனையாளர். டின் வாங்கினால் நம் பக்கம் எந்த சிலிண்டரிலும் மாட்ட முடியாது என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இருவரும் உங்களிடம் எதையோ விற்க முயல்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிலிண்டரின் வால்வும் ரெகுலேட்டரின் முதல் நிலையும் (சிலிண்டரில் மாட்டும் பகுதி) சேரும் இடத்தைப் பற்றியதே உங்கள் கேள்வி. யோக் என்பது வால்வைச் சுற்றி ஒரு வளையம்போல் மாட்டி, பின்னாலிருந்து ஒரு திருகால் இறுக்கும் கிளாம்ப். காற்றுக் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சிலிண்டர் வால்வின் முகத்தில் இருக்கும். டின் என்றதும் தகரத்தை நினைக்க வேண்டாம், அது ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனத்துடைய பெயரின் முதலெழுத்துகள். அந்த வகையில் ரெகுலேட்டரே மரையோடு வால்வுக்குள் திருகி ஏறும். ஓ-ரிங் ரெகுலேட்டரின் மூக்கில் இருப்பதாலும், அது உலோகத்துக்குள் அடைபட்டிருப்பதாலும், பிதுங்கி வெளியேற வழி குறைவு. குகைக்குள்ளும் மூழ்கிய கப்பலுக்குள்ளும் நுழைபவர்கள் டின்னை விரும்புவதற்கு இதுவே காரணம். திறந்த கடலில் 18 மீட்டர் ஆழத்துக்குள் நீந்தும் உங்களுக்கு யோக் ஆபத்து என்று சொல்வது மிகை. அந்தமானிலும் மாலத்தீவிலும் வாடகைக்குக் கிடைக்கும் சிலிண்டர் பெரும்பாலும் 11.1 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினியம். அதன் வேலை அழுத்தம் 207 பார். யோக் இணைப்போ 232 பார் வரை தாங்குமென மதிப்பிடப்பட்டது. நிரப்பாத 300 பாருக்கு ஏன் பயம் காட்டுகிறார்கள் என்று விற்பனையாளரிடமே கேளுங்கள்.

அந்த 300 என்ற எண்ணில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. டின் மரையில் இரண்டு அளவுகள் உண்டு: ஐந்து சுற்று கொண்டது 200 அல்லது 232 பாருக்கு, ஏழு சுற்று கொண்டது 300 பாருக்கு. ஏழு சுற்று ரெகுலேட்டர் இரண்டு வகை வால்விலும் ஏறும். குறைந்த அழுத்த வால்வில் சில மரைகள் வெளியே தெரிந்தால் பதற வேண்டியதில்லை. ஐந்து சுற்று ரெகுலேட்டரோ 300 பார் வால்வின் அடிவரை எட்டாது, அடைக்கவும் செய்யாது. குறைந்த அழுத்தக் கருவி தவறிப்போய் உயர் அழுத்தச் சிலிண்டரில் மாட்டிவிடக் கூடாது என்றே அப்படி ஆழமாகக் கடைந்திருக்கிறார்கள். இப்போது புதிதாக விற்கப்படும் டின் ரெகுலேட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே ஏழு சுற்றுதான். ஆகவே 300 பாருக்கு உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது தனித் தொகை கேட்டால், அது உங்கள் அறியாமைக்கு விதிக்கப்படும் வரி.

உங்கள் நிலையில் நான் ஏழு சுற்று டின் ரெகுலேட்டரையும், அதை யோக்காக மாற்றும் அடாப்டரையும் ஒரே பில்லில் வாங்குவேன். ஜெர்மனியில் வாடகைச் சிலிண்டர் டின்னாகவே இருக்கும். இந்தியப் பெருங்கடலில் அடாப்டரைத் திருகி யோக் வால்வில் மாட்டிக்கொள்ளலாம். அடாப்டரால் ரெகுலேட்டர் சற்று உங்கள் தலைப்பக்கமாகத் தள்ளி நிற்கும், தலையைச் சாய்த்தால் இடிக்கிறதா என்று கரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிப் பயணம் வெறும் ஆசை என்றால் யோக்கையே வாங்குங்கள், குறை ஒன்றுமில்லை.

அடாப்டர் எதற்கு, வால்வுக்குள் இருக்கும் இன்செர்ட்டைக் கழற்றினால் டின் நேராகவே ஏறுமே என்று சிலர் உங்களுக்கு யோசனை சொல்வார்கள். சொல்வது உண்மை, அதை நம்பிப் பயணம் கிளம்பக் கூடாது என்பதும் உண்மை. இரண்டுக்கும் பொதுவான வால்வுகளில் டின் துளைக்குள் ஓர் உருளைத் துண்டு திருகப்பட்டிருக்கும். அது இருந்தால் யோக், அலன் கீ என்ற அறுகோணச் சாவியால் கழற்றினால் டின். ஆனால் யோக் வாடிக்கையாளர் மட்டுமே வரும் ஸ்கூபா மையத்தில் அந்த இன்செர்ட்டை ஆண்டுக்கணக்காக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், உப்பேறி வால்வோடு வால்வாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை அந்தமானில், இன்செர்ட் உள்ள வால்வுதான் சார் என்று தொலைபேசியில் உறுதி சொன்ன மையத்தின் படகில் ஏறிய பிறகு, அலன் கீயே இல்லை என்று தெரிந்தது. அடுத்த படகிலிருந்து கடன் வாங்கிய கீ இன்செர்ட்டின் அறுகோணத்தை மழுங்கடித்ததோடு சரி, மற்றவர்கள் நீரில் இறங்க நான் படகில் வெயில் காய்ந்தேன். கழன்று வந்தாலும் தொல்லை முடிவதில்லை. இன்செர்ட் இல்லாத வால்வு கீழே விழுந்தால் அதன் வாய் கோணிவிடும், பிறகு எந்த ரெகுலேட்டரும் ஏறாது. உண்மையான 300 பார் வால்வில் இன்செர்ட் போடவே முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அண்ணனுக்கு ஓர் எச்சரிக்கை. செகண்ட்ஹேண்டில் நைட்ராக்ஸ் ரெகுலேட்டர் என்று மலிவாக ஏதாவது கண்ணில் பட்டால், மரை எம்26 வகையா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் செறிந்த காற்றுக்கென ஐரோப்பியத் தர விதிகள் உருவாக்கிய தனி மரை அது. சாதாரண டின் வால்வில் ஏறாது, உலகின் பிற பகுதிகள் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. இரண்டு இணைப்புகளால் குழம்பியிருந்த உலகத்துக்கு மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்த அந்தத் தர விதிக் குழுவின் உறுப்பினர்கள் ஒருமுறையாவது நம் ஊர்ப் படகில் ஏறியிருக்க வேண்டும்.

சிலிண்டரையும் அனுப்பச் சொல்லலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வேண்டாம். 500 மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள அழுத்த சிலிண்டர் எதுவும் 2016-ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளுக்குள் வரும். நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு) அமைப்பின் ஒப்புதல் சிலிண்டருக்கும் வேண்டும், வால்வுக்கும் வேண்டும். விடுமுறைக்கு நீந்தப் போகிறவரையும் தொழிற்சாலைக்கு வாயு இறக்குகிறவரையும் ஒரே படிவத்தில் அடைக்கும் ஏற்பாடு இது. இந்த இடைவெளியில்தான், நான் பார்த்துக்கொள்கிறேன், வேறு வால்வு போட்டுத் தருகிறேன் என்று தரகர் வருகிறார். அவரைக் கண்டால் விலகிப் போங்கள். சிலிண்டரின் கழுத்து மரையிலும் இரண்டு வகை உண்டு: 25 மில்லிமீட்டர் மெட்ரிக், முக்கால் அங்குலம். மெட்ரிக் வால்வு முக்கால் அங்குலக் கழுத்தில் சில சுற்றுகள் ஏறி நிற்கும், பார்வைக்குச் சரியாகவே தோன்றும். நிரப்பும்போது அந்த வால்வு குண்டுபோல் பாயும், எதிரில் நிற்பவரைக் கொல்லும்.

ரெகுலேட்டர் வந்ததும் அடாப்டரை வீட்டிலேயே மாட்டிப் பழகுங்கள். டின் மூக்குக்கு 112, யோக் வால்வு முகத்துக்கு 014 என்ற அளவு ஓ-ரிங்குகளில் நாலைந்து பையில் இருக்கட்டும். படகில் மாட்டிய பிறகு வால்வை மெல்லத் திறங்கள். சீறல் கேட்டால், பக்கத்தில் நிற்பவர் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள் என்பார். அழுத்தம் இருக்கும்போது எதையும் இறுக்காமல், வால்வை மூடி, வாயில் வைக்கும் பகுதியான இரண்டாம் நிலையின் பொத்தானை அழுத்திக் காற்றை வெளியேற்றி, கழற்றி, ஓ-ரிங்கை மாற்றுங்கள்.