802.1எக்ஸ் இயக்கியபின் மணிக்கொருமுறை 90 நொடி துண்டிக்கப்படும் பாதுகாப்பு ரிலே

802.1எக்ஸை (பிணையத்தில் இணையும் கருவியைச் சுவிட்ச் போர்ட்டிலேயே சரிபார்க்கும் முறை) இயக்கியபின், உங்கள் பாதுகாப்பு ரிலே (மின்பழுதைக் கண்டு மின்சுற்றைத் துண்டிக்க ஆணையிடும் கருவி) மணிக்கொருமுறை 90 நொடி பிணையத்திலிருந்து துண்டிக்கப்படுவதாகச் சொல்கிறீர்கள். ரேடியஸ் சேவையகம் (அந்தச் சரிபார்ப்பில் அனுமதி தரும் சேவையகம்) அந்த ரிலேக்காகச் சுவிட்சுக்கு அனுப்பும் அனுமதிப் பதிலில், அமர்வு நேரம் முடிந்ததும் என்ன செய்வது என்று சொல்லும் டெர்மினேஷன்-ஆக்‌ஷன் மதிப்பை 'ரேடியஸ்-ரெக்வெஸ்ட்' என்று மாற்றுங்கள். 802.1எக்ஸை நிறுத்திவிட வேண்டாம்.

அந்த மதிப்பு இல்லாவிட்டால், செஷன்-டைம்அவுட் (ஓர் அமர்வுக்கு அனுமதித்த நேரம்) முடிந்ததும் சுவிட்ச் மறு அங்கீகாரம் கேட்காமல் அமர்வையே முடித்து, போர்ட்டை மூடிவிடும். துணைமின்நிலையங்களில் உள்ள பழைய ரிலேக்கள் பலவற்றுக்கு 802.1எக்ஸ் தெரியாது என்பதால், சுவிட்ச் பதிலுக்குக் காத்திருந்து, அது வராத பிறகே மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) பார்த்து அனுமதிக்கிறது. நீங்கள் சொல்லும் 90 நொடி, 30 நொடி வீதம் மூன்று முயற்சிகள் என்ற கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. மணிக்கொருமுறை என்பதும் 3600 நொடி என்ற வழக்கமான அமைப்பையே காட்டுகிறது.

அடுத்த துண்டிப்பின்போது சுவிட்சின் பதிவுகளைப் பாருங்கள். போர்ட்டின் இணைப்பு விழாமல் அங்கீகாரம் மட்டும் போயிருந்தால் இதுவே காரணம். இணைப்பே விழுந்திருந்தால் கேபிளைச் சோதியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. துணைமின்நிலையத் தகவல்தொடர்புக்கான ஐஇசி 61850 தரத்தின்படி, டிரிப் (மின்சுற்றைத் துண்டிக்கும்) ஆணையைச் சுமக்கும் கூஸ் செய்தி (ரிலேக்கள் தங்களுக்குள் அனுப்பும் விரைவுச் செய்தி) 3 மில்லிநொடிக்குள் சென்று சேர வேண்டும். ஆகவே இந்த மாற்றத்தை இயங்கும் ஃபீடரில் (மின்சாரம் செல்லும் தடத்தில்) முயலாமல், பாதுகாப்புப் பொறியாளரின் ஒப்புதலுடன் சோதனை ரிலேயில் முதலில் செய்யுங்கள். மேக் முகவரியை எவரும் போலியாக்கலாம் என்பதால், அந்தப் போர்ட்டைத் தனி விலானில் (மெய்நிகராகப் பிரித்த பிணையத்தில்) வைத்து, கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து வரும் 102-ஆம் எண் டிசிபி போர்ட் (ஐஇசி 61850 கட்டுப்பாட்டுத் தொடர்பு பயன்படுத்துவது) தொடர்பை மட்டும் அனுமதியுங்கள். கூஸ் செய்திக்கு ஐபி முகவரி கிடையாது. ஐபி விதிகள் அதைத் தடுக்கவும் மாட்டா, காக்கவும் மாட்டா.