பீரங்கிக்கு எந்த உலோகம்? – கேள்வி பதில்

1783 ஜூன் 20 அன்று கடலூர்க் கடலில் பிரெஞ்சுக்காரர் சூஃப்ரேனின் 15 கப்பல்களும் ஆங்கிலேயர் ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. அந்தப் பீரங்கிகள் எதில் வார்த்தவை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வார்ப்படப் பட்டறையிலேயே வயது போனவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெண்கலம்தானே உசத்தி? கப்பலில் ஏன் இரும்பு? (மஞ்சக்குப்பம்)

முதல் காரணம் காசு. பீரங்கி வெண்கலத்தில் பத்துப் பங்கில் ஒன்பது செம்பு, ஒன்று வெள்ளீயம். இரும்பைப்போலப் பல மடங்கு விலை. ஒரு கப்பலுக்கே 74 பீரங்கி என்றால் எந்த கஜானா தாங்கும்? உப்புக்காற்றில் வெண்கலம் அரிக்காது, வெடிமருந்து மிஞ்சினாலும் பெரும்பாலும் வீங்கிக் காட்டிக்கொடுக்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் மணிக்கணக்கில் விடாமல் சுட்டால் சூட்டில் இளகும். இரும்புக் குண்டு போய்ப்போய் உள்துளை குதறிப்போகும். வார்ப்பிரும்பு அந்தச் சூட்டைத் தாங்கும். வெடித்தால் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும்.

ஏன் அப்படி வெடிக்கிறது சார்? (முத்தியால்பேட்டை)

உடைந்த வார்ப்பிரும்புத் துண்டு கிடைத்தால் உடைந்த முகத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், பென்சில் கரி மாதிரி ஒட்டும். நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கரி. அதில் பெரும்பகுதி உள்ளே செதில் செதிலாகக் கிடக்கிறது. ஒவ்வொரு செதிலும் ஒரு சின்ன விரிசல் மாதிரி, அதனால் வீங்காமல் சட்டென்று பிளந்துவிடும்.

வார்ப்பிலும் சூட்சுமம் உண்டு. குழல் வாய் மேலே பார்க்க அச்சை நிறுத்தி, வேண்டியதைவிட உயரமாக ஊற்றுவார்கள். கசடும் காற்றுக் குமிழியும் மேலே ஏறிவிடும். ஆறியதும் அந்தத் தலையை அறுத்து எறிவார்கள். இன்றைக்கு நாங்கள் 'ரைசர்' வைப்பதும் இதற்குத்தான். தலையில் கஞ்சத்தனம் பார்த்தால் குழலுக்குள் பொத்தல்.

தேனிரும்பு உடையாதே, அதில் செய்திருக்கலாமே? (பண்ருட்டி)

செய்தார்கள். தேனிரும்பு என்றால் கரி மிகக் குறைந்த, காய்ச்சி அடித்து வளைக்கக்கூடிய இரும்பு. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருப்பது அடித்து இணைத்த இரும்புதான். ஆனால் இணைத்த இடத்தில் பற்று சரியாகப் பிடிக்காவிட்டால் ஆபத்து. 1844இல் அமெரிக்கக் கப்பல் பிரின்ஸ்டனில் அப்படிச் செய்த பெரிய பீரங்கி வெடித்து, வேடிக்கை பார்க்க வந்த அமைச்சர்கள் இருவர் செத்தார்கள்.

எங்கள் ஊர் பழைய இரும்பாலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (பரங்கிப்பேட்டை)

சுற்றி வளைத்து உண்டு! 1830 வாக்கில் ஹீத் என்பவர் சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து மரக்கரியில் உருக்கினார். அவரே 1839இல், எஃகில் மாங்கனீஸ் சேர்ப்பதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். கந்தகம் உள்ள எஃகைச் சூட்டில் அடித்தால் பிளக்கும். மாங்கனீஸ் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிற்காலத்துப் பீரங்கி எஃகுக்கும் இது இல்லாமல் ஆகாது. பாவம், அந்த உரிமைக்காகக் கோர்ட்டுக்கு நடந்தே மனுஷனுக்குக் காலம் போனது.

போர்க்காலத்தில் செம்பு கிடைக்காவிட்டால் மணியை உருக்கலாமா? (நெல்லிக்குப்பம்)

பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலய மணிகளை இறக்கி உருக்கினார்கள். அப்படியே ஊற்றக்கூடாது. கணீரென்று ஒலிக்க மணியில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் இருக்கும். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் தெறித்துவிடும். கிட்டத்தட்ட அதே எடைக்குச் செம்பு சேர்த்தால் பீரங்கிப் பதத்துக்கு வரும். அந்தச் செம்புக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள்.