பெயிண்டரின் சிறுநீரில் தின்னரைத் தேடுவது ஏன்?

குன்னூரில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளிக்குச் சிறுநீர்ச் சோதனை எதற்கு, பட்டறைக் காற்றை அளந்தால் போதாதா என்பது கேள்வி.

தின்னரில் உள்ள டொலுவீன் போன்ற கரைப்பான்கள் உடலுக்குள் எவ்வளவு சென்றன என்பதை, கல்லீரல் அவற்றை மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றும் கழிவுப்பொருளை அளந்து கணக்கிடுவதே இச்சோதனை. காற்றை அளக்கும் கருவி மூச்சில் கலப்பதை மட்டுமே சொல்லும். குளிருக்காகக் கதவடைத்த பட்டறையில், தின்னரில் நனைத்த துணியால் விரலிடுக்கில் ஒட்டிய பெயிண்டைத் தேய்த்தெடுப்பவரின் தோல்வழியே உள்ளே போனதை அது அறியாது. எவ்வளவு விறகு எரிந்தது என்பதை அடுப்புச் சாம்பலைப் பார்த்துக் கணிப்பது போன்றது இந்தச் சிறுநீர்ச் சோதனை.

மாதிரியை வேலை முடிந்தவுடன் எடுக்க வேண்டும். மறுநாள் காலைக்குள் அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

நம் மலையில் இன்னொன்றையும் அவசியம் கவனிக்க வேண்டும். டொலுவீனின் கழிவுப்பொருளாக முன்பு பரவலாக அளக்கப்பட்ட ஹிப்யூரிக் அமிலம் தேநீர் குடிப்பதாலும் கூடும் என்பதால், நாளுக்கு ஐந்தாறு டம்ளர் குடிப்பவரிடம் அது தவறான கணக்கைக் காட்டக்கூடும். ஆகவே டொலுவீனின் மற்றொரு கழிவுப்பொருளான ஆர்த்தோ-கிரெசாலை அளக்கும்படி கேளுங்கள். புகைப்பவரிடம் அதுவும் சற்றுக் கூடலாம் என்பதால் புகைப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பலர் அஞ்சுவதுபோல் இது போதைப்பொருள் சோதனையும் அன்று, நோயைக் கண்டறியும் சோதனையும் அன்று. அளவு கூடியிருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியவை பட்டறையின் காற்றோட்டமும் கையுறையும்தான்.